மழை விட்டாலும் எச்சரிக்கையை விடாதீர்கள்: வட ஆற்காட்டு ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஆட்சியர்கள், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர்கள் என்ற முறையில்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆண்டுதோறும் உங்கள் அலுவலகங்களில் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை எத்தனை, ஜேசிபி எத்தனை, முகாமுக்கு எந்தப் பள்ளி, கட்டுப்பாட்டு அறைக்கு யார் என்று எல்லாம் முடிவாகிறது. எச்சரிக்கையை எப்போது கொடுப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. ஆனால் அதை எப்போது விலக்குவது, முகாமை எந்தக் கணக்கில் மூடுவது என்பதற்கு எழுதி வைத்த விதி எதுவும் நடைமுறையில் தெரியவில்லை. வானம் வெளுத்தால் போதும், எல்லாரும் வீடு திரும்பலாம் என்பதே வழக்கம். எங்கள் மடல் முழுக்க இந்த ஒரே விஷயத்தைப் பற்றியது.

‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்பார்கள். தூவானமாக இருந்தால் பரவாயில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ‘கடந்துவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டதும் ஊரெல்லாம் பெருமூச்சு விட்டது. மறுநாள், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை மலைச் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடியதில் 7 பேர் இறந்தார்கள். அதே மழை, கடலுக்கு வெகு தொலைவில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. புயல் கரை கடப்பது கடலோர மாவட்டங்களுக்கு முடிவாக இருக்கலாம். நமக்கு அதுதான் தொடக்கம்.

2021-ஐயும் பாருங்கள். நவம்பர் 19 விடியற்காலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரை கடந்தது. அன்று காலை பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டை 1 லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் கடந்தது. நொடிக்கு 1 லட்சம் கன அடி என்பது ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). பல ஆண்டு மணலாகக் கிடந்த ஆறு அது. பிறகு வெள்ளம் வடிந்தது, செய்தியும் வடிந்தது. ஆனால் திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலம் பலவீனமானது தெரிந்து ரயில்கள் நிறுத்தப்பட்டது டிசம்பர் 23-இல், அதாவது ஒரு மாதம் கழித்து. தூணடியில் நீர் அரித்த பள்ளம் வெள்ளம் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. வடிந்த பிறகுதான் தெரியும்.

இதற்கெல்லாம் புவி வெப்பமாதல்தான் காரணமா என்று கேட்டால், நேர்மையான பதில்: தனியொரு மழைக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை அழித்தபோது இந்தப் பேச்சே கிடையாது. மாறியிருப்பது நிகழும் விதம். காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. எனவே பத்து நாளில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டுகிறது; இடையில் நீண்ட வறட்சி. காய்ந்து வெடித்த ஏரிக்கரை, வெயிலில் பிளந்த சுவர், மண் உலர்ந்து பிடி தளர்ந்த பாறை ஆகியவற்றின் மேல் அந்த இரண்டு நாள் மழை விழுகிறது. வெயிலையும் மழையையும் தனித்தனிக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

முதலில் சுவரைப் பற்றியே சொல்கிறோம், ஏனென்றால் உள் மாவட்டங்களில் அடைமழைக் காலத்தில் சத்தமில்லாமல் உயிரைக் குடிப்பது அதுதான். மண் சாந்தில் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடிக்குப் பத்தடி என்றால் எடை ஏறக்குறைய நான்கு டன். அது மேலிருந்து நனைவதைவிடக் கீழிருந்து நனைவதுதான் ஆபத்து. தெருவில் தேங்கிய நீரையும் கூரைத் தாழ்வாரத்திலிருந்து விழுந்து தெறிக்கும் நீரையும் அடிச்சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மண் சாந்து கூழாகி, முழு எடையையும் தாங்கும் அடி வரிசை நசுங்குகிறது. பிறகு வெயில் அடிக்கிறது. வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, சுவர் பிளக்கிறது. ‘மழையில் நிற்கும் சுவர் வெயிலில் விழும்’ என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: மண் சுவர், மண் சாந்துச் சுவர் வீடுகளுக்கு மழை நின்றபின் 72 மணி நேரம் எச்சரிக்கை நீடிக்க வேண்டும். முகாமை மூடும் உத்தரவுக்கு முன் வி.ஏ.ஓ., உதவிப் பொறியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் மூவரும் அந்த வீடுகளைப் பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கணுக்கால் உயரத்தில் சுவரைச் சாவியால் அழுத்துங்கள். சாவி உள்ளே இறங்கினால் அந்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்கக் கூடாது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஒரு விரல் கனத்துக்கு மேல் சாய்வு தெரிந்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மறுநாள் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். நேற்றுவரை சுலபமாகத் திறந்த கதவு இன்று நிலையில் இறுகினால் அதுவும் அடையாளமே. பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல வீட்டில் படுத்திருப்பவர் மேல் அடுத்த வீட்டு மாடிச் சுவர் விழலாம்.

முகாமிலிருந்து மக்கள் ஏன் சொல்பேச்சு கேட்காமல் ஓடுகிறார்கள் என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதுண்டு. பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் காரணத்தைக் கையில் எடுத்தே பார்க்கலாம். வேலை கொடுப்பவர்கள் இலையையும் தூளையும் எடைபோட்டுக் கொடுத்து, கணக்குப்படி பீடியாகத் திருப்பி வாங்குகிறார்கள். இலைக்கட்டு நனைந்து பூஞ்சை பிடித்தால் அந்த நஷ்டம் சுற்றும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. அவர் இடியும் சுவருக்குள் ஓடுவது அந்தக் கட்டை எடுக்கத்தான். முகாமில் இலைக்கட்டு வைக்க ஈரம் படாத ஓர் அறை, ஆடு மாடு கட்ட வளாகத்துக்குள்ளேயே ஒரு கொட்டகை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பேர் தங்குவார்கள். இவை பிரியாணிப் பொட்டலத்தைவிட முக்கியம்.

மலைச் சரிவுக்கு வருவோம். வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் பெரிய உருண்டைப் பாறைகள் சிதைந்த மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மழை அந்த மண்ணை அடியிலிருந்து கழுவுகிறது. காகிதப்பட்டறையில் 2021-இல் பாறை உருண்டு வீட்டின் மேல் விழுந்ததும் வேலூர் சைதாப்பேட்டை மலையடி வீடுகளின் அச்சமும் ஒரே கதைதான். வீடு கட்ட அடிவாரத்தை வெட்டியதும், மேல் வீட்டுக் கழிவுநீர்க் குழி நாள் முழுக்கச் சரிவுக்குள் ஊறுவதும் இதைத் துரிதப்படுத்துகின்றன. மண் சரிவில் ஊறிய நீர் மழை நின்றபின்னும் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். இதுவரை இல்லாத இடத்தில் கலங்கிய நீர் ஊறினால், மின்கம்பமோ மரமோ சாய்ந்தால், சிறு கற்கள் உதிர்ந்தால் உடனே கீழ்வீடுகளைக் காலி செய்ய வேண்டும். ஈரப் பாறைக்குக் கீழே ஜேசிபியை நிறுத்தி அடிவாரத்தைச் சுரண்டுவதுதான் செய்யக் கூடாத முதல் காரியம்.

ஏரிகள் விஷயம் கொஞ்சம் விரிவாகவே வேண்டும். நம் ஏரிகள் தொடர் ஏரிகள். மேல் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், அந்த நீர் அடுத்த ஏரிக்கு. அதனால் மழை நின்றபின்னும் கடைசி ஏரியின் மட்டம் மணிக்கணக்கில், சில நேரம் மறுநாள் வரைகூட ஏறிக்கொண்டே இருக்கும். கோடி போகும் நாளில் ஊரே திரண்டு பூசை போட்டுக் கிடா வெட்டுகிறது. மகிழ்ச்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு ஊர் தள்ளியிருக்கும் ஏரிக்கரையை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கழிஞ்சூர் ஏரி கோடி போனால் காட்பாடித் தெருக்களும், நிக்கல்சன் கால்வாய் நிறைந்தால் கன்சால்பேட்டை, இந்திரா நகர் வீடுகளும் என்ன பாடு படும் என்று வேலூர் நகரத்தில் எல்லாருக்கும் தெரியும். வருகிற நீர் வழக்கமான வழியில்தான் வருகிறது. போகும் வழிதான் இல்லை.

புரட்டாசி பிறப்பதற்குள் ஒவ்வொரு கலங்கலையும் (ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிந்தோடும் தாழ்ந்த சுவர்) நேரில் பார்க்கச் சொல்லுங்கள். மீன் குத்தகைக்காகவோ இன்னும் ஒரு போகத்துக்காகவோ கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவதும் சிமெண்ட் வைத்து உயர்த்துவதும் பல ஊரில் உண்டு. கலங்கலை ஓர் அடி உயர்த்தினால், கரை உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே பாதுகாப்புக்காக விட்ட இடைவெளியில் சரியாக ஓர் அடி போய்விட்டது என்று அர்த்தம். கரைமேல் உள்ள சீமைக்கருவேலத்தை மழைக்கு முந்தைய வாரம் வேரோடு பிடுங்காதீர்கள். பிடுங்கிய குழி நீருக்கு வழியாகும். இப்போது வெட்டி மட்டும் விடுங்கள். வேரை மாசி, பங்குனியில் எடுத்து, மண் நிரப்பி இடித்துவிடலாம்.

கரையின் வெளிப்புறம் கசிந்தால் முதலில் நிறம் பாருங்கள். தெளிந்த கசிவைக் கண்காணித்தால் போதும். கலங்கிய நீராக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது. அப்போது ஊர் இளைஞர்கள் செய்யும் முதல் வேலை, அந்தத் துளையைக் களிமண்ணால் அடைப்பது. அது தவறு. உள்ளே அழுத்தம் கூடி நீர் பக்கத்தில் இன்னும் பெரிதாகப் பிய்த்துக்கொண்டு வரும். நீரை வரவிட வேண்டும், மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். கசிவின் மேல் முதலில் பெருமணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி நீர் மட்டத்தை உயர்த்தினால் வேகம் தணியும். மூட்டையை வாய்வரை நிரப்பக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படிந்து அடங்கும். செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்குங்கள். ஊறிய கரைமேல் கனரக வண்டி ஓட்டக் கூடாது.

இன்னொன்று பெரும்பாலும் யோசிக்கப்படுவதே இல்லை. ஆபத்து முடிந்ததும் எல்லா மதகையும் திறந்து ஒரே நாளில் ஏரியை இறக்கிவிட்டால், நீரின் தாங்கல் போய், ஊறிய உட்கரை வழுக்கிச் சரியும். மெல்ல இறக்குங்கள். மட்டம் இறங்கும் நாட்களிலும் கரைக்கு இரவுக் காவல் வேண்டும்.

ஆற்றுக்கு மாவட்ட எல்லை கிடையாது. பாலாறு கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ. ஓடித்தான் இங்கே வருகிறது. பொன்னை ஆறு சித்தூர்ப் பக்கமிருந்து வருகிறது; கலவகுண்டா அணையில் திறக்கும் நீர் நம் தரைப்பாலங்களுக்கு வரும்வரை எவ்வளவு நேரம் இருக்கிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா அணை நிரம்பினால் தானாக வழியும். திறக்க யாரும் வேண்டாம், அறிவிக்கத்தான் ஆள் வேண்டும். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபின் ஒரே ஆற்றுக்குப் பல கட்டுப்பாட்டு அறைகள். ஆற்றின் மேல்பகுதியில் பெய்யும் மழையையும் அணை மட்டத்தையும் மணிக்கு ஒரு முறை எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் ஒரு பொது அழைப்பு வரிசை வேண்டும். அது பருவமழை முழுவதும் இயங்க வேண்டும். விரிஞ்சிபுரம், மாதனூர் போன்ற தரைப்பால ஊர்களுக்கு எச்சரிக்கை தமிழோடு உருதுவிலும் தெலுங்கிலும் போக வேண்டும். பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வையுங்கள். தரைப்பாலத்தில் நீர் வடிந்ததும் வண்டியை விடாதீர்கள். அடியில் மண் இருக்கிறதா என்று கடப்பாரை விட்டுப் பார்த்தபின் விடுங்கள்.

வெள்ளம் வடிந்த ஏழு முதல் பத்து நாளில் தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை வளர்ந்து பறக்கும். காய்ச்சல் முகாமை மழை நாளில் வைப்பதைவிட அந்த நாட்களில் வைப்பதே பயன். குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கிராமாவது இருக்கிறதா என்று சோதித்த பின்பே குழாயைத் திறக்க வேண்டும்.

இனி வெயில். இதிலும் அதே கோளாறுதான். சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க வானிலைத் துறைக்கு 40 டிகிரியும், இயல்பைவிட 4.5 டிகிரி உயர்வும் வேண்டும். அல்லது நேரடியாக 45 டிகிரி. வேலூரில் மே மாத இயல்பே 38, 39. ஆகவே 42 டிகிரி இங்கே வெப்ப அலையே அல்ல! பக்கத்து மாவட்டத்தில் ஆள் விழும் வெயில் இங்கே காகிதத்தில் சாதாரண நாள். மாவட்டத்துக்கென்று தனி அளவுகோல் வைத்துக்கொள்ள உங்களுக்கு யார் தடை?

அடுத்து, கோடை மழை ஒன்று பெய்து வெப்பமானி நான்கு டிகிரி இறங்கியதும் எச்சரிக்கை நின்றுபோகிறது. ஆனால் ஈரம் ஏறிவிட்டது. 38 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் உடம்புக்கு அது ஏறத்தாழ 48 டிகிரிபோல் இருக்கும். வியர்வை காயாது, உடம்பு குளிராது. குன்றுகளும் கான்கிரீட்டும் பகலில் குடித்த சூட்டை இரவில் கக்குகின்றன. இரவில் உடம்பு ஆறாவிட்டால் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் முதியவர்களும் இதய நோயாளிகளும் விழுகிறார்கள். எச்சரிக்கையைப் பகல் உச்சத்தை வைத்து விலக்காதீர்கள். குறைந்தபட்ச வெப்பம் இரண்டு இரவு தொடர்ந்து இயல்புக்கு இறங்கிய பிறகு விலக்குங்கள்.

‘பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்’ என்று துண்டறிக்கை சொல்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் பீடி சுற்றுபவருக்கு உள்ளேதான் வெயில். மின்விசிறி போட்டால் தூள் பறக்கும், இலை காய்ந்துவிடும். ஆகவே விசிறியை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். இந்தக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள் சில டிகிரி குறையும். 10 கிலோ நீர்த்த சுண்ணாம்பைச் சலித்து, 15 முதல் 20 லிட்டர் நீரில் கரைத்து, ஒட்டிப் பிடிக்க அரை கிலோ பசை சேர்த்து, காலையில் இரண்டு பூச்சு. பாசியை நனைத்துத் துடைக்க வேண்டும். ஷீட்டை உலர்ந்த நிலையில் சுரண்டினால் நார் பறந்து நுரையீரலுக்குள் போகும். ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் அது உடைந்து ஆள் உள்ளே விழுவார். கீழே சட்டம் ஓடும் வரிசையில் பலகை போட்டு, பலகை மேல்தான் நடக்க வேண்டும். மழையில் பூச்சு கரைந்துபோகும், ஆண்டுதோறும் மாசியில் அடிக்க வேண்டும். நூறு நாள் வேலைப் பட்டியலில் இதைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அக்னி நட்சத்திரத்தின் நடுவில். மோர்ப் பந்தல் ஏராளம் இருக்கிறது. ஆள் மயங்கினால் படுக்க வைக்க நிழலும் ஐஸும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) வந்தவரை 108 வரும்வரை வெறுமனே வைத்திருக்கக் கூடாது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஏற்றிச் செல்வது. உடம்பு முழுக்க நீரூற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். நினைவு தப்பியவர் வாயில் நீரோ மோரோ ஊற்றினால் புரையேறும். நினைவோடு இருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ்.; பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

வெப்ப அலையை 2024-இல் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல ஆணை. ஆனால் மருத்துவமனைக்கு வந்தவுடன் உடல் வெப்பத்தை அளந்து எழுதாவிட்டால் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றுதான் விழும். குடும்பத்துக்கு ஒன்றும் வராது. சித்திரை, வைகாசியில் மயங்கி வரும் எவருக்கும் அனுமதிச் சீட்டில் முதல் வரியாக உள்ளுடல் வெப்ப அளவு இருக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். மலைச் சரிவிலும் ஓடைப் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் இருப்பவர்களும் அப்படியே ஏட்டில் விடுபடுகிறார்கள். ஆக்கிரமிப்பா இல்லையா என்ற வழக்கு தனியாக நடக்கட்டும். ஆபத்து வீடுகளின் பட்டியலில் அவர்கள் பெயர் பட்டா இல்லாமலேயே ஏற வேண்டும்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தச் சொல்கிறது. அடுத்த திருத்தத்தில் ‘எச்சரிக்கை விலக்கல்’ என்று ஒரு தனிப் பிரிவு சேருங்கள்: சுவருக்கு 72 மணி நேரம், ஏரிக்கு மட்டம் கலங்கலுக்குக் கீழே இறங்கி இரண்டு நாள், சரிவுக்குக் கசிவு நிற்கும்வரை, வெயிலுக்கு இரண்டு இரவு. விலக்கும் உத்தரவில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதையும் பதவிப் பெயரோடு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டினால், தவறினால் கேட்க ஊரில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
பாலாறு, பொன்னை, கவுண்டன்ய நதிக் கரையோரங்களில் வசிக்கும் பொறியாளர்கள், செவிலியர்கள், கொத்தனார்கள், உழவர்கள்